சைக்கிளில் வேலைக்கு: நெரிசலான சாலையில் உங்கள் இடம் எது?

சைக்கிள் ஓட்டத் தெரிந்த எல்லோருக்கும் நகரச் சாலையில் ஓட்டத் தெரியும் என்று சொல்ல முடியாது. சமநிலை ஒருமுறை உடம்புக்கு வந்துவிட்டால் போகாது, அதைத் தனியாகவே பழகிக்கொள்ளலாம். சாலையில் ஓட்டுவது மற்றவர்களோடு சேர்ந்து செய்கிற காரியம். பஸ், லாரி, கார், பைக், நடந்து போகிறவர் என்று எல்லோரும் ஒரே இடத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும்போது, அடுத்த இரண்டு நொடியில் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்வார் என்று ஒவ்வொருவரும் ஊகித்துக்கொண்டேதான் போகிறார்கள். ஊகம் சரியாக இருக்கும்வரை எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். அது தப்பும் இடத்தில்தான் உரசலும் இடியும்.

அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: நீங்கள் எங்கே போகப்போகிறீர்கள் என்பது உங்களைப் பார்க்கிறவருக்கு முன்கூட்டியே புரிய வேண்டும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்ற விதிகளெல்லாம் தானாகவே விளங்கும். சாலையில் மரியாதை என்று நாம் சொல்வதும் பெரும்பாலும் இதிலேயே அடங்கிவிடுகிறது. அடுத்தவரைத் திடுக்கிட வைக்காமல் ஓட்டுகிறவர் அவருக்கும் மரியாதை செய்கிறார், தன் உயிரையும் காத்துக்கொள்கிறார்.

ஒரு சிறு குறிப்பு. இங்கே நான் சொல்வதெல்லாம் வாகனங்கள் இடப்பக்கம் செல்லும் நாட்டை வைத்து. வலப்பக்கம் செல்லும் நாட்டில் இருப்பவர்கள் இடம், வலம் என்பதை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

ஓரத்தில் ஒட்டிக்கொண்டு போகலாமா?

புதிதாக ஓட்டுகிறவர்கள் அநேகமாக எல்லோரும் செய்வது, சாலையின் விளிம்பை உரசுவதுபோல ஓரத்திலேயே போவது. வண்டிகளிலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறோமோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் இயல்பானதுதான். ஆனால் அந்த விளிம்பு நல்ல இடம் இல்லை. கண்ணாடித் துண்டு, ஜல்லி, தேங்கிய தண்ணீர், வடிகால் மூடியின் கம்பி இடைவெளி எல்லாம் அங்கேதான் சேரும். அவற்றைத் தவிர்க்க நீங்கள் அடிக்கடி சட்டென்று வலப்பக்கம் வெட்டி வர வேண்டியிருக்கும். பின்னால் வருகிறவருக்கு அந்த வெட்டு எதிர்பாராதது. பக்கத்தில் நடைமேடையின் கல்விளிம்பு இருந்தால் ஒதுங்கக்கூட இடம் கிடையாது. பெடல் அதில் இடித்தால் விழுவது சாலைப் பக்கம்தான்.

இன்னொரு சிக்கல் கண்ணுக்குத் தெரியாதது. நீங்கள் ஓரத்தோடு ஓரமாகப் போனால், பின்னால் வரும் கார்க்காரர் அதே லேனில் உங்களைத் தாண்டிவிடலாம் என்று நினைப்பார். கணக்குப் போட்டுப் பாருங்கள். விளிம்பிலிருந்து நீங்கள் விடும் இடைவெளி 60 சென்டிமீட்டர். ஹேண்டில்பாரோடு சேர்த்து உங்கள் அகலம் சுமார் 60 சென்டிமீட்டர். உங்களுக்கும் காருக்கும் நடுவே 1.5 மீட்டர் வேண்டும். பல நாடுகளின் சாலை விதிகள் சொல்லும் அளவு இது. காரின் அகலம் சுமார் 1.8 மீட்டர். கூட்டினால் 4.5 மீட்டர் வருகிறது. நகரச் சாலையில் ஒரு லேன் வழக்கமாக 3 முதல் 3.5 மீட்டர்தான். ஆக, உங்களைப் பாதுகாப்பாகத் தாண்ட அந்தக் கார் எப்படியும் பக்கத்து லேனுக்குள் கொஞ்சம் போயே தீர வேண்டும். நீங்கள் விளிம்பை உரசிக்கொண்டிருந்தால் அது அவருக்குத் தெரியாது. "இடம் இருக்கிறதே" என்று முழங்கையை உரசும் தூரத்தில் தாண்டிவிடுவார்.

அதனால் இரண்டு இடங்களைப் பழகிக்கொள்ளுங்கள். லேன் அகலமாக இருந்து, பின்னால் வருகிறவர் தாராளமாகத் தாண்ட முடியும் என்றால், விளிம்பிலிருந்து முக்கால் மீட்டர் முதல் ஒரு மீட்டர் தள்ளி ஓட்டுங்கள். லேன் குறுகலாக இருந்தால், முன்னால் சந்திப்பு வந்தால், அல்லது வளைவில் எதிரே வருவது தெரியவில்லை என்றால், லேனின் நடுவுக்கே வந்துவிடுங்கள். "இப்போது தாண்ட வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள்" என்பதை வாயால் சொல்ல முடியாத இடத்தில் நிற்கும் இடத்தால் சொல்வது அது. குறுகலான பகுதி முடிந்ததும் மறுபடி ஓரத்துக்கு வந்து வழிவிட வேண்டும். அதையும் சேர்த்துத்தான் இடம் எடுத்துக்கொள்ளும் உரிமை. பின்னால் நீளமாக வண்டிகள் சேர்ந்துவிட்டால், ஒதுங்க நல்ல இடம் வந்தவுடன் ஒதுங்கி, போகச்சொல்லிக் கையசைத்துவிட்டுத் தொடருங்கள். பத்து நொடிகூட ஆகாது. அந்தப் பத்து நொடி, அவர்கள் அடுத்து சந்திக்கும் சைக்கிள்காரருக்கும் நல்லது செய்யும்.

லேனின் நடுவில் ஓட்டத் துணிச்சல் வர நாளாகும். வேகமான பெருஞ்சாலையில் அதை முயற்சி செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. வண்டிகள் மெதுவாகச் செல்லும் தெருக்களில் தொடங்குங்கள். உங்கள் வேகமும் அவர்கள் வேகமும் நெருங்கி இருக்கும்போதுதான் இந்த முறை நன்றாக வேலை செய்யும்.

நிறுத்திவைத்த காரின் கதவு

வரிசையாகக் கார்கள் நிற்கும் தெரு பார்க்க அமைதியாக இருக்கும். புதியவர்கள் அதில் கார்களை ஒட்டியே போவார்கள். திடீரென்று ஒரு கதவு திறக்கும்.

இந்த விபத்தில் நடப்பதைக் கிட்டப் பார்ப்பது நல்லது. திறந்த கதவு சுமார் ஒரு மீட்டர் வரை சாலைக்குள் நீளும். பல நேரங்களில் சைக்கிள் நேராகக் கதவில் மோதுவதுகூட இல்லை. ஹேண்டில்பாரின் இடது நுனி கதவின் விளிம்பில் தட்டுகிறது. இடப்பக்கம் நின்றுவிட, வலப்பக்கம் முன்னே போகிறது. முன்சக்கரம் காரைப் பார்த்துத் திரும்புகிறது. உடம்பு வலப்பக்கம், அதாவது வண்டிகள் ஓடும் லேனுக்குள் வீசப்படுகிறது. கதவு செய்யும் காயத்தைவிடப் பின்னால் வரும் வண்டிதான் பெரிய ஆபத்து.

இதற்குத் தீர்வு விழிப்பாக இருப்பது மட்டும் என்று நினைக்காதீர்கள். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு நொடிக்கு ஐந்தரை மீட்டர் கடக்கிறீர்கள். பார்த்து, புரிந்து, பிரேக்கை அழுத்துவதற்குள் அந்த ஒரு நொடி போய்விடும். அதன்பின் நல்ல பிரேக், காய்ந்த சாலை என்றால்கூட நிற்க இன்னும் மூன்று மீட்டர் வேண்டும். மொத்தம் எட்டரை, ஒன்பது மீட்டர், ஏறக்குறைய இரண்டு கார் நீளம். நான்கு மீட்டர் முன்னால் கதவு திறந்தால் எவ்வளவு விழிப்பானவராலும் நிற்க முடியாது. எனவே கதவு எட்டாத தூரத்தில் ஓட்டுவதுதான் வழி: ஹேண்டில்பாரின் நுனிக்கும் நிற்கும் கார்களுக்கும் நடுவே ஒரு மீட்டருக்குக் குறையாத இடம். அப்படிப் போக இடமில்லாத குறுகலான தெரு என்றால், நடக்கிறவர் வேகத்துக்குக் குறைத்துவிடுங்கள்.

இரண்டு கார்களுக்கு நடுவே காலியிடம் வந்தால் உள்ளே நுழைந்து, அடுத்த கார் வந்ததும் வெளியே வருவது பலருக்குப் பழக்கம். ஒதுங்கி வழிவிடுவதாகத்தான் நினைக்கிறார்கள். பின்னால் வருகிறவரின் பார்வையில் நீங்கள் மறைந்து மறைந்து தோன்றுகிறீர்கள், ஒவ்வொரு முறையும் அவருக்கு முன்னால். ஒரே நேர்கோட்டில் போவதே அவருக்கும் நிம்மதி.

கார் ஓட்டுகிறவர்கள் வீட்டில் இருந்தால் ஒரு சின்னப் பழக்கத்தைச் சொல்லிக்கொடுங்கள். கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் கையால் திறக்காமல், மறு கையை நீட்டித் திறக்க வேண்டும். அப்படிச் செய்தால் தோள் தானாகத் திரும்பும், கண் கண்ணாடியையும் பின்பக்கத்தையும் பார்த்துவிடும். நெதர்லாந்தோடு சேர்த்துப் பேசப்படும் இந்தப் பழக்கத்துக்குச் செலவே கிடையாது.

திரும்பிப் பார்ப்பது

எனக்குத் தெரிந்து, நகரத்தில் ஓட்ட மிக அவசியமான திறமை எதுவென்றால், வண்டி கோணாமல் தோளுக்கு மேலாகப் பின்னே பார்ப்பதுதான். புதியவர்கள் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தால் சைக்கிளும் வலப்பக்கம் சாயும். தலையோடு தோளும், தோளோடு கையும் திரும்பிவிடுவதே காரணம். காலியான மைதானத்தில் ஒரு கோட்டின் மேல் ஓட்டிக்கொண்டு பழகுங்கள்: முழங்கையைத் தளர்த்தி வையுங்கள், கழுத்தை மட்டும் திருப்பி, தாடையைத் தோளுக்குக் கொண்டுவாருங்கள். பின்னால் ஒரு நண்பர் நின்று விரல்களைக் காட்ட, எத்தனை என்று சொல்லிப் பாருங்கள். வெறுமனே தலையைத் திருப்புவதற்கும் உண்மையிலேயே பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு அப்போது தெரியும்.

அப்புறம், இடம் மாறுவதற்கு ஒரு வரிசை உண்டு. பாருங்கள், கை காட்டுங்கள், மறுபடி பாருங்கள், பின்னால் இருப்பவர் வேகத்தைக் குறைத்திருந்தால் மட்டும் நகருங்கள். முதல் பார்வையே பாதி சைகைதான். சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்தால் ஏதோ செய்யப்போகிறார் என்று ஓட்டுநர்களுக்கு உடனே உறைக்கும். கை காட்டிவிட்டால் மட்டும் வழி கிடைத்துவிட்டதாக ஆகாது. அது ஒரு வேண்டுகோள். இடம் கொடுத்தவருக்குக் கையை லேசாக உயர்த்தி நன்றி சொல்லுங்கள். திரும்பும்போது இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருக்கட்டும், பிரேக் தேவைப்படும்.

நிற்கப்போவதையும் சொல்லலாம். டென்மார்க்கில் சைக்கிள்காரர்கள் நிற்பதற்கு முன் கையை உயர்த்திக் காட்டுவது விதியாகவே இருக்கிறது. சைக்கிளுக்கு பிரேக் விளக்கு கிடையாது, பின்னால் இன்னொரு சைக்கிள் நெருக்கமாக வந்தால் வேறு எப்படித் தெரியும்?

சந்திப்புகள்

இரண்டு தெருக்கள் சேரும் இடங்களில்தான் கவனம் மிக அதிகம் தேவை. வழக்கமாக நடப்பது இப்படி: நீங்கள் ஓரமாக நேரே போகிறீர்கள், ஒரு கார் உங்களைத் தாண்டி, உடனே உங்களுக்கு முன்னாலேயே இடப்பக்கம் திரும்புகிறது. சைக்கிளின் வேகத்தை அவர் குறைத்து மதிப்பிட்டிருப்பார். இதைத் தவிர்க்க, நேரே போகிறவர்கள் சந்திப்புக்கு முன்பே லேனின் நடுவுக்கு வந்துவிடுவது நல்லது.

லாரியும் நீளமான பஸ்ஸும் வேறு கதை. இவை திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். வண்டி நீளமாக ஆக வெட்டும் அதிகம். இந்த வெட்டுக்கு இடம் வேண்டும் என்பதால் ஓட்டுநர் இடப்பக்கம் திரும்புவதற்கு முன் கொஞ்சம் வலப்பக்கம் விலகுவார். அப்போது இடப்பக்கத்தில் பெரிய இடைவெளி திறக்கும். பின்னால் நிற்கும் சைக்கிள்காரருக்கு அது வழி விட்டதுபோலத் தோன்றும். உள்ளே போனால், சில நொடிகளில் அந்த இடைவெளி மூடும், அங்கே முன்சக்கரம் இல்லை, பின்சக்கரம் வருகிறது. உயரமான இருக்கையிலிருந்து அந்த மூலை ஓட்டுநருக்குத் தெரியவே தெரியாது. கண்ணாடியில் ஓட்டுநர் முகம் உங்களுக்குத் தெரியாவிட்டால் நீங்களும் அவருக்குத் தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்தாலும் அவர் உங்களைக் கவனித்துவிட்டார் என்று அர்த்தமில்லை. சிக்னலில் நிற்கும் லாரியின் இடப்பக்கமாக முன்னேறவே வேண்டாம். பின்னால் நில்லுங்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் எந்த விதிவிலக்கும் சொல்லமாட்டேன்.

வலப்பக்கம் திரும்புவதற்கு எளிய வழி ஒன்று உண்டு, தொடக்கத்தில் இதையே பின்பற்றுங்கள். பச்சை விளக்கில் நேராகக் கடந்து எதிர்மூலைக்குப் போங்கள். அங்கே நின்று சைக்கிளை வலப்பக்கம் திருப்பி வையுங்கள். அந்தத் தெருவுக்குப் பச்சை விழுந்ததும் நேரே போங்கள். பல லேன்களைக் குறுக்கே வெட்ட வேண்டிய அவசியமே இல்லை. டென்மார்க்கில் சந்திப்புகளில் பெரிய திருப்பத்தை எல்லா சைக்கிள்காரர்களும் இப்படித்தான் செய்ய வேண்டும்.

எதிர்த்திசையில் ஓட்டுவதைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். "எதிரே வருவது கண்ணில் படுமே" என்று சிலர் இதைப் பாதுகாப்பு என்றே நம்புகிறார்கள். கார் 40 கிலோமீட்டரிலும் நீங்கள் 15 கிலோமீட்டரிலும் ஒரே திசையில் போனால் நெருங்கும் வேகம் 25. எதிரெதிரே என்றால் 55. அதைவிட மோசம், குறுக்குத் தெருவிலிருந்து வெளியே வருகிறவர் வண்டிகள் வரும் பக்கத்தைத்தான் பார்ப்பார். நீங்கள் அவர் பார்க்காத பக்கத்திலிருந்து வருகிறீர்கள்.

சிவப்பு விளக்கில் நிற்பது பற்றி விவாதிக்க எதுவும் இல்லை. நடக்கிறவர்கள் கடக்கும் கோட்டின் மேல் சக்கரம் ஏறாமல் நில்லுங்கள்.

நடந்து போகிறவர்கள்

சாலையில் பெரிய வண்டிகளுக்கு நாம் எப்படியோ, அப்படியே நமக்கு நடந்து போகிறவர். காரிடம் நாம் எதிர்பார்க்கும் இடைவெளியையும் பொறுமையையும் அவருக்கு நாம் தர வேண்டும். மணியை முதுகுக்குப் பின்னால் வந்து அடித்தால் ஆள் துள்ளுவார், எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. தூரத்திலேயே ஒருமுறை மென்மையாக அடியுங்கள். "வருகிறேன்" என்று சொல்லத்தான் மணி, "விலகு" என்று அதட்ட இல்லை. அடித்த பிறகும் அவர் கேட்டிருக்கமாட்டார் என்றே வேகத்தைக் குறையுங்கள். காது கேளாதவராக இருக்கலாம், காதில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கலாம், கையில் குழந்தை இருக்கலாம். நடைபாதையைக் கடந்தே ஆக வேண்டுமானால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

பஸ் நிற்கும் இடத்தில் இதே எண்ணம் வேண்டும். இறங்குகிறவர்கள் பஸ்ஸுக்கும் ஓரத்துக்கும் நடுவே கால் வைக்கிறார்கள், அந்த இடைவெளியில் சைக்கிளை விடக்கூடாது. பஸ்ஸுக்குப் பின்னாலேயே பொறுத்திருங்கள். அது புறப்பட இண்டிகேட்டர் போட்டால் போகவிடுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நீங்கள் பஸ்ஸைத் தாண்ட, அடுத்த நிறுத்தத்துக்கு முன் பஸ் உங்களைத் தாண்ட என்று மாறி மாறிப் போவதில் யாருக்கும் நேரம் மிச்சமில்லை.

மழை, இருட்டு, கோபம்

மழை தொடங்கும் முதல் சில நிமிடங்களில் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு கலந்து வழுக்கும். வெள்ளைக் கோடுகளும் இரும்பு மூடிகளும் அதைவிட வழுக்கும். அவற்றின் மேல் பிரேக் பிடிக்காமல், திரும்பாமல், நேராகக் கடந்துவிடுங்கள். தண்டவாளத்தை முடிந்தவரை செங்குத்தாகக் கடக்க வேண்டும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் நனைந்தால் பிடிக்கத் தாமதமாகும்; முன்கூட்டியே லேசாக அழுத்தி ரிம்மைத் துடைத்துக்கொள்ளுங்கள். நிற்கும் சக்தியில் பெரும்பங்கு முன்பிரேக்கில்தான் இருக்கிறது, ஏனென்றால் பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரத்துக்கு மாறுகிறது. சட்டென்று இறுக்காமல் படிப்படியாக அழுத்திப் பழக வேண்டும்.

இருட்டில் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு. முன்விளக்கைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்து வையுங்கள், எதிரே வருகிறவரின் கண் கூசக்கூடாது. கணுக்காலில் ஒளி பட்டால் மின்னும் பட்டை கட்டுவதை நான் வலியுறுத்துவேன். பெடலோடு அது மேலும் கீழும் ஆடுவதைப் பார்த்ததும் மனிதர் என்று மூளை உடனே அடையாளம் கண்டுகொள்ளும். அசையாமல் மின்னும் ஒரு புள்ளி எதுவாகவும் இருக்கலாம்.

ஹெல்மெட் அணியுங்கள், அதன் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். ஐரோப்பியத் தரச் சோதனையில் சைக்கிள் ஹெல்மெட்டைத் தட்டையான பரப்பில் மோதவிடும் வேகம் மணிக்குச் சுமார் 19.5 கிலோமீட்டர்தான். தலை தரையில் மோதும்போது அது உதவும். கார் வந்து மோதாமல் தடுப்பது நீங்கள் ஓட்டும் விதம். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மாற்றிவிட வேண்டும்.

யாராவது உரசுவதுபோலத் தாண்டினால் கோபம் வரும். நியாயமான கோபம்தான். ஆனாலும் துரத்திப் போய்க் கத்த வேண்டாம். கை நடுங்கும் நிலையில் ஓட்டும் அடுத்த ஐந்து நிமிடம் ஆபத்தானது. ஓரமாக நிறுத்தி, மூச்சு சீரான பிறகு கிளம்புங்கள்.

2003-ல் பீட்டர் ஜேக்கப்சன் என்பவர் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்தத் துறையில் அடிக்கடி பேசப்படுகிறது. பல ஊர்கள், நாடுகளின் கணக்குகளை வைத்துப் பார்த்ததில், சைக்கிளில் போகிறவர்களும் நடப்பவர்களும் அதிகமாக இருக்கும் இடத்தில் ஒவ்வொருவருக்கும் மோதல் ஆபத்து குறைவாக இருக்கிறது என்று அவர் கண்டார். ஓட்டுநர்கள் தங்கள் நடத்தையை அதற்கேற்ப மாற்றிக்கொள்கிறார்கள் என்பது அவர் தரும் விளக்கம். சைக்கிள் வரும் என்று எதிர்பார்க்கிறவரின் கண்ணில்தான் சைக்கிள் படும். நீங்கள் ஒழுங்காக ஓட்டுவது அந்த எதிர்பார்ப்பைப் பழக்கப்படுத்துகிறது.

தொடங்கும் வாரத்தில்

காரில் போகும் வழியே சைக்கிளுக்கும் நல்ல வழி என்று இல்லை. கொஞ்சம் சுற்றினாலும் உள்தெருக்கள் வழியாகப் போகும் பாதையைத் தேடுங்கள். முதலில் ஒரு விடுமுறை நாள் காலையில் அந்த வழியில் போய்ப் பாருங்கள்: எங்கே கார்கள் வரிசையாக நிற்கின்றன, எந்தச் சந்திப்பில் இறங்கித் தள்ள வேண்டும், எங்கே பள்ளம். கிளம்பும் முன் டயரில் காற்று, இரண்டு பிரேக், ஆடாத ஹேண்டில்பார் இவற்றைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். பையைத் தோளின் ஒரு பக்கம் தொங்கவிடாமல் கேரியரில் கட்டுங்கள், திரும்பிப் பார்க்கும்போது அது இழுக்கும். வேலை நாளில் வழக்கமான நேரத்துக்குக் கால் மணி முன்னதாகவே புறப்படுங்கள். அவசரம் இல்லாதவருக்குத்தான் மஞ்சள் விளக்கில் நிற்க மனம் வரும்.